தானாக உருவாகும் மெனுவும் அணுகல்தன்மையும்: ஓர் எளிய அறிமுகம்

வலைத்தளத்துக்கு மெனுவைக் கையால் எழுதுகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. வேர்ட்பிரஸ் மாதிரியான ஒரு மென்பொருளில் பக்கங்களை உருவாக்கிவிட்டு, எது எதற்குக் கீழே வர வேண்டும் என்று இழுத்து வைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். 2010-ல் வெளியான அதன் 3.0 பதிப்பில் இந்த வசதி வந்தது. அதற்கு முன்னால், இருக்கிற பக்கங்களையெல்லாம் வரிசையாகக் கொட்டி மெனு ஆக்குவதுதான் வழக்கம். இப்போதும் மெனு எதுவும் அமைக்காமல் விட்டால் பல தீம்கள் (தளத்துக்குத் தோற்றம் தரும் தொகுப்புகள்) அதைத்தான் செய்கின்றன. டாக்ஸிஜன், ஜாவாடாக் போன்ற ஆவணக் கருவிகள் நிரலைப் படித்து, இணைப்புகளைத் தாமே கோத்துத் தந்துவிடும். கட்டங்களை இழுத்துப்போட்டுத் தளம் அமைக்கும் சேவைகள் இருக்கின்றன. இரண்டு வரி எழுதிக் கேட்டால் மெனுவுக்கான நிரலைக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன.

இவை தருகிற மெனு பார்வைக்குப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒருவர் திரையைப் பார்க்காமலோ மவுஸைத் தொடாமலோ அதே மெனுவுக்குள் நுழைய முயலும்போதுதான் கோளாறு வெளிப்படும். அப்படிப்பட்டவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிவதைத்தான் அணுகல்தன்மை என்கிறோம். அது ஏன் வருகிறது, எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, இந்தத் துறைக்குப் புதியவர் ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மெனுவைப் பயன்படுத்துகிறவர்கள்

பார்வையில்லாதவர்கள் ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் வழியாகப் பக்கத்தைக் கேட்கிறார்கள். கணினியில் என்விடிஏ, ஜாஸ், ஐபோனிலும் மேக்கிலும் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். கையில் நடுக்கம் உள்ளவர்கள், மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் விசைப்பலகையையோ ஓரிரு பட்டன்கள் மட்டும் கொண்ட சுவிட்ச் கருவியையோ வைத்து நகர்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குக் கண் நன்றாகத் தெரியும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் முக்கியமாகும். குரலால் கட்டளை கொடுத்து இயக்குகிறவர்கள் ஒரு பக்கம். திரையை நான்கு மடங்கு, எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒரு நேரத்தில் பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

இவர்களுடைய கருவிகளுக்குப் பக்கத்தின் தோற்றம் பெரிதாக உதவாது. உலாவி, பக்கம் எழுதப்பட்டிருக்கும் மொழியான ஹெச்டிஎம்எல்லைப் படிக்கும்போது திரையில் வரைவதோடு நிற்பதில்லை. அணுகல்தன்மை மரம் என்ற இன்னொரு உருவத்தையும் உள்ளே கட்டுகிறது. திரைவாசிப்பான் படிப்பது அந்த மரத்தை. குரல் கட்டளைக் கருவிகளும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. மரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விவரங்கள் இருந்தாக வேண்டும்: அதன் பெயர் என்ன, அது என்ன வகை (இணைப்பா, பட்டனா, பட்டியலா), இப்போது எந்த நிலையில் இருக்கிறது (திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா). உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி-யில் 4.1.2 என்ற விதி கேட்பது இதை மட்டும்தான். முதற்படியான ஏ நிலையிலேயே இருக்கிற விதி அது.

தானியங்கிக் கருவிக்கு மெனுவைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயங்கள்: பக்கங்களின் தலைப்புகள், எது எதற்குக் கீழே என்ற அடுக்கு. அதை வைத்துப் பெட்டிகளை அடுக்கிவிடுகிறது. பெயர், வகை, நிலை மூன்றையும் சரியாக நிரப்புவது வார்ப்புருவை, அதாவது மெனுவுக்கான அச்சு நிரலை, எழுதியவரின் பொறுப்பு. அவர் திரையை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் அந்த மூன்றும் காலியாகவோ தப்பாகவோ போய்விடும். மெனு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வருவதால், அந்த ஒரு பிழை தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் பரவுகிறது. ஐந்நூறு பக்கத் தளம் என்றால் ஐந்நூறு இடத்தில் அதே பிழை.

பெயர் இல்லாத இணைப்புகள்

எளிதானதில் தொடங்குவோம். மெனுவில் வீட்டுப் படம் ஒன்று, தேடலுக்குப் பூதக்கண்ணாடி ஒன்று, கைபேசியில் மூன்று கோடு. படத்தை விவரிக்கும் மாற்று உரை நிரலில் இல்லையென்றால் திரைவாசிப்பான் "பட்டன்" என்று மட்டும் சொல்லும், அல்லது இணைப்பின் முகவரியை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கும். இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2024-ல் 95.9 விழுக்காடு பக்கங்களில் ஏதாவது ஒரு விதிமீறல் பிடிபட்டது, 44.6 விழுக்காட்டில் வெற்று இணைப்புகள் இருந்தன. எல்லாம் மெனுவில் இருந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் படமே இணைப்பாக நிற்கும் இடங்களில் மெனுப் பட்டையும் ஒன்று.

பெயர் இருந்தும் பயனில்லாத நிலை இன்னொன்று. பக்கத் தலைப்பையே மெனுப் பெயராக எடுத்துக்கொள்ளும் கருவிகள், தலைப்பு இல்லாத பக்கத்துக்கு ஓர் எண்ணையோ முகவரியின் துண்டையோ போட்டுவிடும். நீளமான தலைப்புகளைப் பாதியில் வெட்டும் கருவிகளும் உண்டு: "மாணவர் சேர்க்கைக்கான...", "மாணவர் சேர்க்கைக்கான...", "மாணவர் சேர்க்கைக்கான..." என்று மூன்று இணைப்புகள் அடுத்தடுத்து வந்தால் கண் உள்ளவருக்கே எது எது என்று புரியாது.

குரலால் இயக்குகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று வருகிறது. திரையில் "மேலும்" என்று எழுதியிருக்கிறது. வார்ப்புருவை எழுதியவர் நல்ல எண்ணத்தில் அதற்கு "துணைமெனுவைத் திற" என்று மறைவான பெயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பயனர் "மேலும் என்பதை அழுத்து" என்கிறார்; கருவி அப்படி ஒரு பெயரே இல்லை என்று சும்மா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சொல் மறைவான பெயருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதி போட்டது இதனால்தான்.

இந்த மறைவான பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தளத்தில் தமிழ்க் குரலில் கேட்டுக்கொண்டே வருகிறவருக்கு நடுவே "டாகிள் நேவிகேஷன்" என்று ஒன்று வந்து விழும். திரையில் தெரியாத சொல் என்பதால் மொழிபெயர்த்தவர் கண்ணில் அது பட்டிருக்காது.

பட்டனா, இணைப்பா?

இணைப்பு உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். பட்டன் இங்கேயே ஏதோ ஒன்றைச் செய்யும். இந்த வேறுபாட்டைத் தானாக உருவாகும் மெனுக்கள் அடிக்கடி குழப்பிவிடுகின்றன.

வழக்கமான காட்சி இப்படி. "துறைகள்" என்று ஒரு மெனுத் தலைப்பு வேண்டும், அதற்குக் கீழே ஆறு பக்கங்கள் வேண்டும், ஆனால் "துறைகள்" என்ற பெயரில் பக்கம் எதுவும் கிடையாது. மெனு அமைப்பவர் என்ன செய்கிறார்? முகவரி கேட்கும் பெட்டியில் வெறும் # குறியைப் போடுகிறார். பல கையேடுகளே இதைச் சொல்லித்தருகின்றன. விளைவு, திரைவாசிப்பான் "துறைகள், இணைப்பு" என்கிறது. எண்டர் அழுத்தினால் எந்தப் பக்கமும் திறக்காது. பக்கத்தின் உச்சிக்குத் தூக்கிப் போட்டுவிடும். கீழே ஆறு பக்கங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முகவரியையே எடுத்துவிட்டால் இன்னும் மோசம். விசைப்பலகையில் ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ உதவுவது டேப் விசை; முகவரி இல்லாத இணைப்புக்கு அது போகாது. டிவ் என்ற வெற்றுப் பெட்டிக்கு ஜாவாஸ்கிரிப்ட் மாட்டி, கிளிக் செய்தால் திறக்கும்படி எழுதியிருந்தாலும் இதே கதிதான். மவுஸுக்கு அது பட்டன், விசைப்பலகைக்கு அது சுவர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மெனு கேட்டாலும் இந்த டிவ் பழக்கம் எட்டிப்பார்ப்பதுண்டு. வலையில் ஏற்கெனவே கிடக்கும் நிரலைப் படித்துத்தானே அவை கற்றுக்கொண்டன!

எனக்குச் சரியாகப் படும் ஏற்பாடு எளிமையானது. தலைப்புக்கு உண்மையான பக்கம் இருந்தால் அது இணைப்பாக இருக்கட்டும். அதை ஒட்டி, துணைமெனுவைத் திறக்கத் தனியாக ஒரு பட்டன் வையுங்கள். பக்கம் இல்லையென்றால் தலைப்பே பட்டனாகட்டும். ஹெச்டிஎம்எல்லில் பட்டன் என்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் போட்டால் டேப், எண்டர், ஸ்பேஸ் மூன்றும் இலவசமாக வந்துவிடும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைச் சொல்ல ஏரியா-எக்ஸ்பாண்டட் என்ற பண்பு ஒன்றை மட்டும் சேர்த்து, திறக்கும்போது ட்ரூ, மூடும்போது ஃபால்ஸ் என்று மாற்றினால் நிலையும் தெரிந்துவிடும். சில தீம்கள் இதில் பாதி வேலையை மட்டும் செய்கின்றன: பண்பைப் போட்டுவிட்டு மதிப்பை மாற்றுவதில்லை. மெனு விரிந்து கிடக்கும். திரைவாசிப்பானோ "மூடியுள்ளது" என்றே சாதிக்கும்.

மவுஸை மேலே கொண்டுபோனால் திறக்கும் மெனு

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு காலத்தில் விரியும் மெனு என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலான ஜாவா ஆப்லெட்தான். ஃப்ரன்ட்பேஜ் என்ற பழைய மென்பொருளின் ஹோவர் பட்டன்கள் (மவுஸ் மேலே வந்தால் மாறுபவை) ஆப்லெட்டாகவே வெளிவந்தன. 2003 நவம்பரில் சக்கர்ஃபிஷ் என்ற முறை பரவியது. சாதாரணப் பட்டியலை எடுத்துக்கொண்டு, மவுஸ் மேலே வந்தால் துணைப்பட்டியலைக் காட்டு என்று, தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் சொல்லிவிடுவார்கள். அப்போதைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட். பட்டியல் பட்டியலாகவே இருந்ததால் அது பெரிய முன்னேற்றம்தான். அதன் பிந்தைய வடிவத்தில், மூடியிருக்கும் துணைமெனுவை டிஸ்ப்ளே நன் என்ற சிஎஸ்எஸ் கட்டளையால் முழுக்க மறைக்காமல் திரைக்கு வெளியே இடதுபுறம் தள்ளி வைத்தார்கள். திரைவாசிப்பானுக்கு அது கேட்க வேண்டும் என்ற அக்கறை அதற்குக் காரணம்.

ஆனால் கண் தெரிந்து, விசைப்பலகையில் மட்டும் நகர்கிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் டேப் அழுத்துகிறார். ஃபோகஸ், அதாவது இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் வளையம், முதல் தலைப்பில் தெரிகிறது. மறுபடி டேப். வளையம் காணாமல் போகிறது. அது திரைக்கு வெளியே கிடக்கும் துணைமெனுவுக்குள் போய்விட்டது. இன்னும் ஐந்தாறு முறை அழுத்திய பிறகு அடுத்த தலைப்பில் தலைகாட்டும். இடையில் எங்கே இருந்தோம், எண்டர் அழுத்தியிருந்தால் எங்கே போயிருப்போம், ஒன்றும் தெரியாது. இன்றைய தீம்களில் ஒளிபுகாத் தன்மையைச் சுழியாக்கியோ உயரத்தைச் சுழியாக்கியோ மறைக்கிறார்கள், அசைவூட்டம் அழகாக வரும் என்பதற்காக. அதிலும் இதே கோளாறுதான். கண்ணுக்கு மறைந்தது ஃபோகஸுக்கு மறையவில்லை. டிஸ்ப்ளே நன் அல்லது விசிபிலிட்டி ஹிடன் போட்டால் இரண்டுக்கும் சேர்ந்து மறையும். மூடியிருக்கும் மெனுவுக்கு அதுதான் சரி. திறக்கத்தான் நாம் ஒரு பட்டன் வைத்துவிட்டோமே.

பட்டன் வைக்காமல் டிஸ்ப்ளே நன் மட்டும் போட்டுவிட்டு, மவுஸ் வந்தால் திற என்று விட்டுவிடும் மெனுக்களும் இருக்கின்றன. அங்கே துணைமெனு விசைப்பலகைக்காரருக்கும் திரைவாசிப்பான்காரருக்கும் இல்லவே இல்லை. எல்லாச் செயலும் விசைப்பலகையில் முடிய வேண்டும் என்ற 2.1.1 விதியை இது நேரடியாக மீறுகிறது.

மவுஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் தொல்லை உண்டு. துணைமெனுவின் கடைசி வரிக்குப் போக மவுஸைச் சாய்வாக நகர்த்துவோம். ஒரு நொடி அம்பு மெனுவை விட்டு விலகியதும் எல்லாம் மூடிக்கொள்ளும். நடுக்கம் உள்ள கைக்கு இது தாண்ட முடியாத தடை. திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கோ துணைமெனுவின் பாதி அவருடைய காட்சிக்கு வெளியே இருக்கும். அதைப் பார்க்கத் திரையை நகர்த்த மவுஸை அசைத்தாக வேண்டும், அசைத்தால் மெனு மூடிவிடும். டபிள்யூசிஏஜி 2.1-ன் 1.4.13 விதி இதற்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். மவுஸால் வெளிவந்த பொருள் எஸ்கேப் அழுத்தினால் மறைய வேண்டும், அதன் மேல் மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், பயனராக விலகும்வரை அது நிலைத்து நிற்க வேண்டும்.

தொடுதிரையில் மவுஸே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளிக் செய்தால் திறக்கும் மெனுவே எல்லோருக்கும் நல்லது என்பது என் கட்சி. ஹோவர் வேண்டும் என்று வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால் இரண்டையும் வையுங்கள், பட்டனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உதவி செய்யப்போய் வரும் உபத்திரவம்

ஏரியா என்பது அணுகல்தன்மை மரத்தில் வகை, நிலை, பெயர் ஆகியவற்றை நாமே எழுதிக்கொள்ள உதவும் பண்புகளின் தொகுப்பு. 2014-ல் அதன் முதல் பதிப்பு, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. அதில் மெனு, மெனுஐட்டம் என்ற வகைகள் இருக்கின்றன. நாம் கட்டுவது மெனு, அங்கே மெனு என்று ஒரு வகை இருக்கிறது, அதைப் போட்டால் நல்லதுதானே? ஆயிரக்கணக்கான தளங்களுக்கு மெனு கட்டித் தரும் பிளகின்களில் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் மென்பொருள்களில்) சில இப்படி யோசித்தே அதைச் சேர்த்துவிடுகின்றன.

அங்கேதான் பொறி. ஏரியா சொல்லும் மெனு, கணினிப் பயன்பாடுகளின் மேலே "கோப்பு, திருத்து, காட்சி" என்று இருக்குமே, அந்த வகை. விண்டோஸில் இயங்கும் திரைவாசிப்பான்கள் வலைப்பக்கத்தை இரண்டு முறைகளில் கையாளும். வாசிக்கும் முறையில் ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே அழுத்தினால் அடுத்த இணைப்பு என்று எழுத்து விசைகள் குறுக்குவழிகளாக வேலை செய்யும். மெனு என்ற வகைக்குள் நுழைந்ததும், இது பயன்பாட்டு மெனு போலிருக்கிறது என்று திரைவாசிப்பான் முறையை மாற்றி, விசைகளை நேராகப் பக்கத்துக்கே அனுப்பத் தொடங்கும். இனி அம்புக்குறி விசைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட். பிளகின் அந்த வேலையைச் செய்திருக்காது, வகையை ஒட்டியதோடு கடை கட்டியிருக்கும். பயனர் கீழ் அம்பை அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை. ஹெச் அழுத்துகிறார், அதுவும் இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. சாதாரணப் பட்டியலாக விட்டிருந்தால் திரைவாசிப்பான் "ஏழு உருப்படிகள் கொண்ட பட்டியல்" என்று சொல்லியிருக்கும். மெனு எவ்வளவு பெரியது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும். வகையை மாற்றியதும் அந்தத் தகவல் போய்விடுகிறது.

தப்பான ஏரியாவைவிட ஏரியா இல்லாமலே இருப்பது மேல் என்று டபிள்யூ3சி-யின் செயல்முறைக் கையேடே எச்சரிக்கிறது. வலைத்தள மெனுவுக்குத் தேவை: இது வழிசெலுத்தும் பகுதி என்று குறிக்கும் நாவ் என்ற உறுப்பு, அதற்கு "முதன்மை" என்பது போல ஒரு பெயர், உள்ளே பட்டியல், பட்டியலுக்குள் இணைப்புகளும் பட்டன்களும். இப்போது இருக்கும் பக்கத்தின் இணைப்புக்கு ஏரியா-கரண்ட் என்ற பண்பு. வண்ணத்தை மாற்றி "இங்கே இருக்கிறீர்கள்" என்று காட்டுவதைக் காதால் கேட்கிறவருக்கு அது சொல்லும். இவ்வளவுதான்.

ஒரே மெனு, இரண்டு முறை

கணினித் திரைக்கு ஒரு மெனு, கைபேசிக்கு ஒரு மெனு. பல தீம்கள் இரண்டையும் பக்கத்தில் எழுதிவிட்டு, திரையின் அகலத்தைப் பார்த்து ஒன்றை மறைக்கின்றன. மறைத்த விதம் முன்பு சொன்ன அரைகுறை விதமாக இருந்தால், திரைவாசிப்பானில் மெனு முழுவதும் ஒரு முறை ஒலித்து முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஒலிக்கும்.

இதற்குள் நுட்பமான பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரே பட்டியலிலிருந்து இரண்டு முறை அச்சிட்டதால், ஒவ்வொரு உருப்படியின் ஐடியும், அதாவது நிரலில் அதைச் சுட்டும் அடையாளமும், இரண்டு இடத்தில் வரும். ஒரு பக்கத்தில் ஓர் ஐடி ஒரு முறைதான் வரலாம். பட்டனுக்கு அந்த ஐடியைச் சுட்டிப் பெயர் கொடுத்திருந்தால் உலாவி முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் மறைந்திருக்கும் பிரதி. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால், நிரலைத் திறந்து பார்த்தாலொழிய இது பிடிபடாது.

உள்ளடக்கத்துக்கு எத்தனை டேப்?

மெனுவில் அறுபது இணைப்புகள் இருந்தால், விசைப்பலகைக்காரர் ஒவ்வொரு பக்கத்திலும் அறுபது முறை டேப் அழுத்திவிட்டுத்தான் கட்டுரைக்கு வருவார். அடுத்த பக்கம் போனால் மறுபடி அறுபது. திரைவாசிப்பான்காரருக்குத் தலைப்பு தலைப்பாகத் தாவும் வசதி இருக்கிறது. கண் தெரிந்த விசைப்பலகைக்காரருக்கு உலாவிகள் அப்படி எதையும் தருவதில்லை. முதலில் இவர்களை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

தீர்வு பழையது: பக்கத்தின் முதல் இணைப்பாக "உள்ளடக்கத்துக்குச் செல்" என்று ஒன்று. ஜாவாடாக் தானாக உருவாக்கும் பக்கங்களில்கூட வழிசெலுத்தல் இணைப்புகளைத் தாண்டிச் செல்லும் இணைப்பு பல காலமாக இருக்கிறது. ஆக, தானியங்கி என்றாலே இதெல்லாம் முடியாது என்ற சாக்கு செல்லாது. ஆனால் இணைப்பு வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். அது சுட்டும் இலக்கின் பெயர் ஒன்றாகவும், பக்க வார்ப்புருவில் உள்ள பெயர் வேறாகவும் இருந்தால் எங்கும் போகாது.

புதிய பக்கம் வெளியானதும் மெனுவில் தானாகச் சேர்க்கவா என்று வேர்ட்பிரஸில் ஒரு தேர்வுக்கட்டம் இருக்கிறது. அதைத் தேர்வு செய்யாமல் விடுங்கள். மெனு வீங்குவதற்குப் பாதிக் காரணம் அது. பக்கத்துக்குப் பக்கம் மெனுவின் வரிசையை மாற்றும் "புத்திசாலி" மெனுக்களையும் தவிர்க்கலாம். திரும்பத் திரும்ப வரும் வழிசெலுத்தல் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று 3.2.3 சொல்கிறது. மறதி உள்ளவர்களும் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களும் இடத்தை நினைவில் வைத்தே மெனுவைத் தேடுகிறார்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும். தொடும் இடம் குறைந்தது 24 க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும், அல்லது சுற்றி அதற்கு ஈடான இடைவெளி வேண்டும். இந்த அளவு 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2-ன் விதி. இரண்டையும் அளந்து பார்ப்பது எளிது என்பதால் விவரிக்கவில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தை ஏற்றி, டேப் அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறதா? தெரியாத இடம் வந்தால் மறைந்த மெனுவுக்குள் இருக்கிறீர்கள். எல்லாத் துணைமெனுவையும் எண்டரால் திறக்க முடிகிறதா? எஸ்கேப் அழுத்தினால் மூடி, ஃபோகஸ் திறந்த பட்டனுக்கே திரும்புகிறதா? ஷிஃப்ட்டும் டேப்பும் சேர்த்து அழுத்திப் பின்னோக்கியும் வந்து பாருங்கள். முன்னோக்கி நன்றாக ஓடும் மெனு பின்னோக்கிச் சொதப்புவது சகஜம்.

அடுத்து, 1280 பிக்சல் அகல சாளரத்தில் உலாவியின் பெரிதாக்கத்தை 400 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள். பெரும்பாலும் கைபேசி மெனு வரும். அது திறக்கிறதா, முழுதும் உருட்டிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மேலே ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் மெனுப் பட்டை பாதித் திரையை விழுங்குவதும் இப்போதுதான் தெரியும்.

அப்புறம் என்விடிஏ. விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, 2006-ல் தொடங்கிய திறமூல மென்பொருள். இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். வெற்றுப் பெயர்கள், இரட்டிப்பான மெனு, ஒரே பெயரில் பல இணைப்புகள் எல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும். பார்வையுள்ளவர் ஒரு மணி நேரம் என்விடிஏ கேட்பதும், அதையே நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவரின் அனுபவமும் ஒன்றாகிவிடாது என்பது உண்மைதான். முடிந்தால் அப்படி ஒருவரிடம் மெனுவைக் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கவனியுங்கள்.

ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் பெயரில்லாத பட்டனையும் நிற வேறுபாட்டையும் பிடித்துவிடும். ஃபோகஸ் திரைக்கு வெளியே தொலைவதையும், விரிந்த மெனு மூடியதாகச் சொல்லப்படுவதையும் அவை பெரும்பாலும் கவனிப்பதில்லை. நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கிய மெனுவை விசைப்பலகையால் திறக்கவே முடியாமல் போகலாம். "ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுதும் அணுகத்தக்கதாகிவிடும்" என்று விற்கப்படும் மேல்பூச்சுகளை நான் நம்புவதில்லை. # போட்ட இணைப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி எப்படி ஊகிக்கும்?

பிழையைக் கண்டுபிடித்தாயிற்று என்றால், திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: மெனு வார்ப்புரு. ஐந்நூறு பக்கங்களுக்குப் பரவிய பிழை ஒரு கோப்பைத் திருத்தியதும் ஐந்நூறிலும் சரியாகிவிடும். நிரல் எழுதத் தெரியாவிட்டால் அந்தத் தீம் அல்லது பிளகினை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். "அணுகல்தன்மை சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் பதில் வருவது கடினம். எந்த உலாவி, எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எந்த விதி எண் என்று எழுதுங்கள். புதிதாகத் தீம் தேடுகிறவர் என்றால், வேர்ட்பிரஸின் தீம் பட்டியலில் "அணுகல்தன்மைக்குத் தயார்" என்ற வடிகட்டி இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம், ஆனாலும் டேப் அழுத்திப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். நீங்களே வார்ப்புருவைத் திருத்துவதானால் மூலத் தீமில் கை வைக்காமல் சைல்டு தீமில், அதாவது மூலத்தைச் சார்ந்து தனியாக நிற்கும் துணைத் தீமில், செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வந்ததும் திருத்தம் அழிந்து பழைய மெனு திரும்ப வந்துவிடும்.